திங்கட்கிழமைத் தாள்

அந்தத் தாளை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. அதனால் என் மகளுக்கு நல்லதுதான் நடந்தது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். பக்கத்து வீட்டு வங்காளிக்காரியும் அதையேதான் சொல்கிறாள். பள்ளிக்கூடத்து மேடத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நடந்திருக்கட்டும். ஒரு பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுத்து, உனக்கு எதுவெல்லாம் தெரியவில்லை என்று நீயே எழுதிக் கொண்டுவா என்று சொல்கிறவர்களை நான் நம்பமாட்டேன். எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் என்ன செய்வார்களோ, யார் கண்டது.

நாங்கள் இருப்பது தீவில், கராச்சர்மா என்கிற ஊரில், மெயின் ரோட்டிலிருந்து மேலே ஏறுகிற சந்தில், இரண்டு அறை வாடகை வீடு. என் வீட்டுக்காரர் தீவுகளுக்கு நடுவே ஓடுகிற கப்பலில் இன்ஜின் ரூம் வேலை பார்க்கிறார். பத்து நாள் கடலில் என்றால் மூன்று நாள் வீட்டில். நான் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். பிள்ளை ஒன்றுதான். ஐந்தாவது வரைக்கும் தமிழ் மீடியத்தில் படித்தாள். ஆறாவதை இங்கிலீஷ் மீடியத்தில்தான் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்.

"தமிழ் மீடியத்துல என்ன கொறஞ்சுபோச்சு. நான் படிக்கலையா" என்றார் அவர்.

"நீங்க படிச்சுத்தான் கப்பலுக்கு அடியில எண்ணெ தொடச்சிட்டு இருக்கீங்க" என்றேன்.

அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கப்பல் கிளம்பும் நாள்வரை என் கையால் டீகூட வாங்கிக் குடிக்கவில்லை.

சேர்க்கும்போதே தலைமை ஆசிரியை ஒரு நிபந்தனை போட்டார். இவளுக்கு இங்கிலீஷ் போதாது, ஆனாலும் எடுத்துக்கொள்கிறேன். எட்டாவது முடியும்போது எல்லாப் பாடத்திலும் பாஸாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்பதாவதுக்குப் பழைய பள்ளிக்கே திரும்பிவிட வேண்டும். நான் சரி சரி என்று தலையாட்டினேன். ஆட்டிவிட்டு வந்த நாளிலிருந்து மூன்று வருஷம் எனக்கு ஒழுங்காகச் சோறு இறங்கவில்லை. மெஷினில் உட்கார்ந்தால் கால் மிதித்துக்கொண்டிருக்கும், மனசு எட்டாவது பரீட்சையில் இருக்கும். எத்தனை ரவிக்கைக்குக் கையை இடம் மாற்றித் தைத்து, பிரித்து மறுபடி தைத்திருக்கிறேன்.

எட்டாவதுக்கு வந்தபோது ஒரு புது மேடம் வந்தார். கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டிலிருந்து வந்தவர், சின்ன வயசு, இந்திதான் பேசுவார், கணக்கும் அவர்தான் எடுத்தார். ஜூலையில் ஒரு சனிக்கிழமை பெற்றோர்களையெல்லாம் கூப்பிட்டுப் பெஞ்சில் உட்காரவைத்து ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். எனக்குக் கடைத்தெரு இந்தி வரும். மீன் வாங்கலாம், ஆட்டோக்காரனோடு சண்டை போடலாம். அவர் பேசிய இந்தி அதைவிட வேகம். தட்டுத்தடுமாறிப் புரிந்துகொண்டது இவ்வளவுதான். பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தானாகவே அடுத்த வாரத்துக்கு என்ன படிக்க வேண்டும் என்று எழுத வேண்டும். தினமும் படித்தாயிற்றென்றால் டிக், முடியவில்லையென்றால் பெருக்கல் குறி. கடைசியில் எந்த இடத்தில் முட்டி நின்றோம் என்று இரண்டு வரி, எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம், படித்துச் சொல்ல ஆள் பிடித்துக்கொள்வேன் என்றார். அம்மா அப்பா கையெழுத்து மட்டும் போட்டால் போதும். வாரம் முடிந்த திங்கட்கிழமை காலையில் தாள் அவர் மேசைக்கு வந்துவிட வேண்டும்.

"சச் லிக்னா. டர்னா மத்" என்று முடித்தார். உண்மையை எழுது, பயப்படாதே.

பயப்படாதே என்று எவன் சொன்னாலும் அப்போதுதான் எனக்குப் பயம் வரும். நான் வளர்ந்தது தெற்கே வேறொரு தீவில், ஹட் பேயில். அப்பா பாமாயில் தோட்டத்தில் கூலி. காலையில் மஸ்டர் நோட்டில் ஆள் கணக்கு எழுதுகிற பாபுவும் அப்படித்தான் சொல்வான், பயப்படாமச் சொல்லு, நேத்து எத்தனை மரம் பாக்கி என்று. சொன்னவன் பேருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி விழும். தோட்டத்தில் வேலை குறைந்தபோது முதலில் வீட்டுக்கு அனுப்பினது குறி விழுந்த பேர்களைத்தான். பாக்கி இருக்கிறதோ இல்லையோ, முடிஞ்சுதுங்க என்று சொன்னவர்களெல்லாம் கடைசிவரை வேலையில் இருந்தார்கள். எங்கள் லைன் வீடுகளில் அந்த ஞானம் இல்லாத பிள்ளை கிடையாது. ஆபீஸ் தாளில் நம்மைப் பற்றிக் குறையாக ஒரு எழுத்து ஏறிவிடக் கூடாது. ஏறிவிட்டால் அது அங்கேயே இருக்கும், நாமிருக்க மாட்டோம்.

இது தெரிந்திருந்தும் நான் ஒரு தரம் ஏமாந்தேன். ஏழாவது படிக்கும்போது கணக்கு வாத்தியார், புரியாதவங்க எந்திரிங்க என்றார். நான் ஒருத்திதான் எழுந்தேன். அவர் திரும்பவும் நடத்துவார் என்று நினைத்தேன். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார், என்னை உட்காரச் சொல்லவில்லை. மணி அடிக்கும்வரை நின்றேன். மறுநாள் வகுப்புக்குள் வந்ததும், நேத்து நின்னவ இன்னிக்கும் நில்லு என்றார். அந்த மழைக்காலத்தோடு என் படிப்பு முடிந்தது. வீட்டில் கேட்டதற்கு வயிற்றுவலி என்று சொன்னேன். ஒரு வருஷம் வயிற்றுவலி.

அதனால் மகள் முதல் வாரத் தாளை ஞாயிற்றுக்கிழமை எழுதி முடித்ததும் எடுத்து, பெருக்கல் குறிகளைத்தான் முதலில் எண்ணினேன். ஏழு நாளில் நான்கு நாள் பெருக்கல் குறி. அவளுக்கு இங்கிலீஷில் மனசைச் சொல்ல வராது, இந்தி எழுத வேகம் போதாது. அதனால் தமிழில் எழுதியிருந்தாள்.

"கணக்கு. எக்ஸை அந்தப் பக்கம் கொண்டுபோனால் கூட்டல் ஏன் கழித்தல் ஆகிறது என்று தெரியவில்லை. மேடம் 'மாறும்' என்றார். ஏன் என்று சொல்லவில்லை. இங்கிலீஷ். கேள்வி புரிகிறது. பதில் இந்தியில் வருகிறது. அதை இங்கிலீஷ் ஆக்குவதற்குள் பெல் அடித்துவிடுகிறது."

மேடத்தையே குறை சொல்லி வைத்திருக்கிறாள், அதையும் மேடத்துக்கே எழுதிவைத்திருக்கிறாள்.

அப்போதைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், பையில் வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை காலை அவள் குளிக்கப் போனதும் பையைத் திறந்தேன். பென்சிலில்தானே எழுதியிருந்தாள், ரப்பர் வைத்து அழித்தேன். பெருக்கல் குறியெல்லாம் டிக் ஆனது. கீழே, "நன்றாகப் புரிந்தது. கஷ்டம் ஒன்றும் இல்லை" என்று எழுதினேன். என் கையெழுத்து ஏழாவதோடு நின்றுபோன கையெழுத்து. அதற்கப்புறம் மளிகைச் சீட்டைத் தவிர வேறு எதையும் எழுதவில்லை. பதின்மூன்று வயசுப் பிள்ளை எழுதின மாதிரியே இருந்தது. அதைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்ததா, சௌகரியமாக இருந்ததா என்று கேட்டால், சௌகரியமாகத்தான் இருந்தது. குளியலறையில் மக் சத்தம் நிற்பதற்குள் தாளைப் பழையபடி மடித்து வைத்துவிட்டேன்.

தாள்கள் மேடத்தின் ஃபைலுக்குள் போய்விடும், திரும்பி வராது. அதனால் அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு திங்களும் இதைச் செய்தேன்.

சாயங்காலங்களில் வேறு சண்டை. எங்கள் ஊரில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். அவள் அறைக்குள் புத்தகத்தோடு உட்காருவாள், நான் முன்னறையில் மெஷினில். அவள் படிப்பது எனக்குக் காதில் விழ வேண்டும். இங்கிலீஷ் எனக்குத் தெரியாதுதான், ஆனால் சத்தம் வந்தால் படிக்கிறாள் என்று தெரியும். அவளோ வாய்விட்டுப் படிக்கமாட்டாள். கணக்கு போடும்போது முணுமுணுப்பாள், அதுவும் இந்தியில். "ருக் ருக். பெஹ்லே யே. நஹி, கலத்." நில்லு நில்லு, முதல்ல இது, இல்ல, தப்பு. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குச் சொல்லிக்கொடுப்பது போல இருக்கும். எட்டிப் பார்த்தால் அவள் மட்டும்தான்.

வங்காளிக்காரி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுவிட்டு மறுநாள் துணி காயப்போடும் இடத்தில் ஆரம்பித்தாள். "தீதி, பேட்டி கிஸ்சே பாத் கர்தி ஹை? அகேலி?" அக்கா, உன் பொண்ணு யாரோட பேசுது, தனியாவா. சொல்லும்போது நெற்றிப் பக்கம் விரலைக் கொண்டுபோய்க் கொஞ்சம் சுற்றிக் காட்டினாள். நான் அவள் கொடியில் கிடந்த புடவையைத் தள்ளிவிட்டு என் துணியைப் போட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் மகள் முணுமுணுக்க ஆரம்பித்ததும் உள்ளே போனேன்.

"யாரோட பேசுற."

"என்கூட."

"உன்கூடப் பேசுறதுக்கு இந்தி எதுக்கு. தமிழ்ல பேசு."

"தமிழ்ல சொன்னா எனக்குக் கேக்காதும்மா."

"திமிரா."

"நெஜமாத்தான். தமிழ்ல சொன்னா நீ திட்டுற மாதிரியே இருக்கு."

அறைந்துவிட்டேன். பெரிய அறை இல்லை. அவள் அழவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "சரி, எப்படிப் படிக்கணும், சொல்லு" என்றாள்.

"வாய்விட்டுப் படி. இங்கிலீஷ்ல படி. எனக்குக் கேக்கணும்."

அதிலிருந்து படித்தாள். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம், மோட்டார் போட்டது மாதிரி நிற்காமல் இங்கிலீஷ். அந்தச் சத்தத்துக்குத் தையலும் நேராக விழுந்தது. வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு நிம்மதியான இரண்டு வாரம் அதற்கு முன்னால் வந்ததில்லை. மூன்றாவது வாரம் வங்காளிக்காரி சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் பன்னிரண்டாவது படித்தவள், அதை ஒரு நாளைக்கு ஒரு தரமாவது யாரிடமாவது சொல்லாமல் விடமாட்டாள். "தீதி, அந்த ஒட்டகப் பாடம் எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. வேற பாடமே கிடையாதா" என்றாள் இந்தியில்.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் நேரே உள்ளே போய் மகளைப் பிடித்தேன்.

"ஒரே பாடத்தையா படிக்கிற."

"ஆமா."

"எதுக்குடி."

"உனக்குச் சத்தம் வேணும்ன. குடுத்தேன். வாய் அது பாட்டுக்குப் படிக்கும், நான் கணக்கு போட்டுட்டு இருப்பேன். இப்ப அதுவும் வரல. வாய் பேசிட்டு இருந்தா உள்ள ஒண்ணும் வர மாட்டேங்குது."

நான் ரொம்ப நேரம் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத இஷ்டமில்லை. பழைய ஸ்கூலுக்கே போய்த் தொலை என்பதும் அதில் ஒன்று. அதைக் கேட்டதும்தான் அவள் முகம் மாறியது. அவளுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் எண்பதுக்குப் பதினாறு. இங்கிலீஷில் தப்பித்தாள். மேடம் ஆளனுப்பினார், அம்மா பெண் இருவரும் வர வேண்டும் என்று.

வகுப்பில் யாரும் இல்லை. மேடம் ஃபைலைத் திறந்து எங்கள் பிள்ளையின் தாள்களை மேசையில் வரிசையாகப் பரப்பினார். பத்துப் பன்னிரண்டு இருக்கும். எல்லாமே டிக். இந்தியில் மெதுவாக, எனக்காகவே மெதுவாகப் பேசினார். அந்த மெதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

"ஜூலையிலேர்ந்து ஸ்கூல் விட்டதும் ஒரு தனி கிளாஸ் எடுக்கிறேன். தாள்ல யார் முட்டிக்கிட்டு நிக்கிறாங்களோ அவங்களுக்கு மட்டும். உங்க பொண்ணு தாள்ல ஒரு வாரம்கூட ஒரு கஷ்டமும் இல்ல. அதனால கூப்பிடல. இப்ப பதினாறு மார்க். எப்படி?"

அப்படியொரு கிளாஸ் நடப்பதே எனக்குத் தெரியாது. அந்தச் சனிக்கிழமை கூட்டத்தில் சொல்லியிருப்பார். அவர் வேகத்துக்கு எனக்கு எங்கே பிடிபட்டிருக்கும். பெருக்கல் குறி போட்ட பிள்ளைகளை வெளியே அனுப்புவார்கள் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். இவர்கள் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

மகள் தாள்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்தாள், வைத்தாள். அப்புறம், "யே மைனே நஹி லிக்கா" என்றாள். நான் எழுதவில்லை இது.

மேடம் என்னைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தேன் என்றுகூட நினைவிருக்கிறது. ஆனால் வந்தது வேறு. "அவதான் மேடம் எழுதினா. வீட்லயும் இப்படித்தான், எதையாவது செஞ்சிட்டு இல்லம்பா" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். தப்புத்தப்பான இந்தி, ஆனால் புரிந்துவிட்டது.

மேடம் ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளி, அதே இரண்டு வரியை எழுதச் சொன்னார். எழுதினாள். பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்று போலவே இருந்தது. பின்னே எப்படி இருக்கும். அவளுக்கு அரிச்சுவடி எழுதப் பழக்கினது நான்.

"தன் தாள்லயே பொய் எழுதுற பிள்ளைக்கு நான் என்ன செய்ய முடியும். அந்த கிளாஸ் தனக்கு என்ன வரலைன்னு தானே பார்க்கிறவங்களுக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அலுப்பாகச் சொன்னார். அது இன்னும் மோசம்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

பஸ்ஸில் ஆள் இல்லை, சீட்டெல்லாம் காலி. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டேன். அவள் கடைசி வரை முன்பக்கக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்தும் பேச்சில்லை. நான் எது கேட்டாலும் ஒரு வார்த்தையில் பதில், அதுவும் இந்தியில். சாப்பிட்டியா, ஹாங். தண்ணி வந்துச்சா, நஹி. சட்டை எங்க, பதா நஹி. வாடகைக்கு வந்த பெண்ணோடு பேசுவது மாதிரி இருந்தது. சாயங்காலங்களில் அறைக்குள் சத்தமே இல்லை. முணுமுணுப்பும் இல்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். பயந்துகொண்டு மூன்று தரம் எட்டிப் பார்த்தேன். நான்காம் தரம் எழுந்து வந்து கதவைச் சாத்தினாள்.

வீட்டுக்காரர் கப்பலிலிருந்து வந்தார். அவரிடம் அவள்தான் சொல்லியிருக்கிறாள், கப்பல் வந்து கட்டுகிற ஜெட்டிக்கே போய்க் காத்திருந்து. வீட்டுக்குள் வரும்போதே அவர் முகத்தில் தெரிந்தது.

"தாளை அழிச்சது நீயா."

"புள்ள பேரு கெட்டுறக் கூடாதுன்னுதான்."

"இப்ப யார் பேரு கெட்டிருக்கு."

நான் மெஷின் பக்கம் திரும்பி ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தேன்.

"போய்ச் சொல்லு."

"என்னன்னு சொல்ல. நான் திருட்டுத்தனம் பண்ணேன்னா. அந்தப் பொம்பள ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பா. அப்புறம் நான் அந்த ஸ்கூல் கேட்டுப் பக்கம் எப்படிப் போவேன்."

"போகாத. அவ போகணும். நீயா போகப் போற." சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "பரீட்சைக்கு அஞ்சு மாசந்தான் இருக்கு. அவளுக்கு அந்த கிளாஸ் வேணும். எனக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியாது. உனக்குத் தெரியுமா."

மூன்று நாள் தள்ளினேன். ஒரு நாள் ஜுரம் என்றேன், ஒரு நாள் அவசரத் தையல் என்றேன். மூன்றாம் நாள் அவர் கப்பலுக்குக் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, நான் திரும்பி வரும்போது நீ போயிருக்கணும் என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே மத்தியானம் போனேன். பள்ளி கேட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று இரண்டு பஸ் போகவிட்டேன். திரும்பிவிடலாம் என்று மூன்றாவதுக்குக் கையைக் காட்டினேன். அது நிற்காமல் போய்விட்டது.

மேடம் தனியாக உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தார். என்ன என்று நிமிர்ந்தார். எனக்கு இந்தியில் மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. மேசைமேல் இருந்த பென்சிலை எடுத்தேன், அங்கே கிடந்த ஒரு தாளில், "நன்றாகப் புரிந்தது. கஷ்டம் ஒன்றும் இல்லை" என்று எழுதி அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த வடிவம் அவருக்கு நன்றாகத் தெரியும், பன்னிரண்டு தரம் பார்த்ததுதானே. தாளைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"ஏன்?"

"டர்" என்றேன். பயம். அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது.

"எதுக்குப் பயம்?"

அதைச் சொல்ல எனக்கு இந்தி போதவில்லை. தமிழாக இருந்தாலும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

"நீங்க எது வரைக்கும் படிச்சீங்க?"

"செவன்."

ஒரு மாதிரியாகத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் மறக்கவில்லை. எல்லாம் விளங்கிவிட்டது என்கிற தலையாட்டல். ஏழாவதில் நின்றவள்தானே, வேறு என்ன செய்வாள் என்று. என் மகள் பொய்க்காரி இல்லை என்று சொல்லத்தான் போனேன், சொன்னேன். அதற்காக நான் இப்படி ஒரு தலையாட்டலை வாங்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. நாளையிலேர்ந்து அவளைக் கிளாஸுக்கு இருக்கச் சொல்லுங்க என்றார். என்னிடம் உட்காருங்கள் என்று சொல்லவேயில்லை.

மகளிடம் சொன்னேன், நாளைக்கு ஸ்கூல் விட்டதும் நிற்கணுமாம் என்று. "மாலூம் ஹை" என்றாள். தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. மேடம் கூப்பிட்டுச் சொல்லியிருப்பார். இவளிடம் மன்னிப்புக் கேட்டாரா, நான் வந்ததைச் சொன்னாரா, என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று மூன்று மாதம் எனக்கு உள்ளே குடைந்தது. அவளாகவும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தமிழில் எழுதவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாத இந்தியில் எழுதினாள். ஒவ்வொரு எழுத்தாக, மேலே கோடு இழுத்து இழுத்து, நாலு வரிக்கு ஒரு மணி நேரம் எடுத்தாள். முடித்துக் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினாள். பேனாவில் எழுதியிருந்தாள்.

"என்ன எழுதியிருக்க."

"எங்க நின்னேன்னு."

"எங்க."

"மேடத்துக்குச் சொல்லியிருக்கேன்."

கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரமும் போட்டேன். என்ன இருக்கிறது என்று தெரியாமல் பேரை எழுதிக்கொடுப்பது எப்படி இருக்கும் என்று கேட்டால், மஸ்டரில் கைநாட்டு வைத்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். பெருக்கல் குறிகள் மட்டும் எனக்குத் தெரிந்தன. முதலில் நான்கு, ஐந்து. டிசம்பரில் மூன்று. ஒரு வாரம் திடீரென்று ஆறு. அன்றைக்கெல்லாம் நான் சாப்பிடவில்லை. அவள் நன்றாகச் சாப்பிட்டாள். அந்த ஆறைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை. அடுத்த வாரத்துக்கு எதை முதலில் எடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்று தாளின் பின்பக்கம் அம்பு அம்பாகப் போட்டு வைத்திருந்தாள். இந்தி எழுத்தும் வாரத்துக்கு வாரம் வேகமாகிக்கொண்டே போனது. பொங்கல் சமயத்தில் நாலு வரி எழுத அவளுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

சாயங்காலங்களில் மறுபடி முணுமுணுக்க ஆரம்பித்தாள். கதவைச் சாத்திக்கொண்டுதான். நான் மெஷினை எடுத்துப் பின்பக்கத் தாழ்வாரத்தில் போட்டுக்கொண்டேன். அங்கே வெளிச்சம் போதாது, கொசு. அவளுக்காகப் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது, அதனால் போனேன். வங்காளிக்காரி மறுபடி விரலைச் சுற்றியபோது, "நீ பன்னெண்டாவது படிச்சும் உன் தலைக்குள்ள உன்கூடப் பேச ஆள் இல்ல, அதான்" என்றேன் தமிழில். அவளுக்குப் புரியவில்லை. எனக்கு அது போதும்.

மார்ச்சில் பரீட்சை. ரிசல்ட் அன்றைக்கு அவளே தனியாகப் போனாள், நான் வரவேண்டாம் என்றாள். மத்தியானம் வந்து மெஷின்மேல் மார்க்ஷீட்டை வைத்துவிட்டுக் கால் கழுவப் போனாள். கணக்கில் எண்பதுக்கு முப்பத்தொன்று. பாஸ். பெரிய மார்க் இல்லை. ஒன்பதாவதுக்கு அங்கேயே இருக்கலாம். மூன்று வருஷமாக எதற்காகச் சோறு இறங்கவில்லையோ அது முடிந்துவிட்டது. துணியை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். அவள் வெளியே வந்து பார்த்தாள், தட்டெடுத்துப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

மறு வாரம் ஒன்பதாவது சேர்க்கைக்கு ஃபாரம். ஆறாவதில் சேர்க்கும்போது நான் ஆள் வைத்து நிரப்பினேன். தாயின் படிப்பு என்கிற இடத்தில் பத்து என்று போடச் சொன்னது நான்தான். இந்தத் தடவை அவளே உட்கார்ந்து இங்கிலீஷில் நிரப்பினாள். நிரப்பி முடித்ததும் கொடுப்பாள் என்று கையைத் துடைத்துக்கொண்டு பேனாவோடு நின்றேன். ஏற்கெனவே கையெழுத்து ஆகியிருந்தது. அவர் கப்பல் ஏறுவதற்கு முன்னால் ஜெட்டியில் போய் நிரப்பாத ஃபாரத்திலேயே வாங்கி வைத்திருக்கிறாள்.

"பாக்கலாமா" என்றேன்.

கொடுத்தாள். எனக்குப் படிக்கத் தெரிந்தது எண்கள்தான். பிறந்த தேதி, வீட்டு நம்பர். நடுவில் ஓரிடத்தில் ஒரு ஏழு. எதற்கு நேரே இருக்கிறது என்று கேட்கவில்லை.

திருப்பிக் கொடுத்தேன். கசங்காமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டாள்.

"ஒம்போதாவதுல கணக்கு இன்னும் கஷ்டமாமே" என்றேன்.

"ஆமா."

"பயமா இல்லையா."

"இருக்கு" என்றாள், தமிழில். செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் வரும் நேரம் என்று சந்தில் இறங்கிப் போனாள்.